வைஃபைய யாரு பூட்டினது?

போன மாசம் பிரிண்டர் பத்தி எழுதினேன், அதுக்கு வந்த கடிதத்த பிரிச்சு பாத்தா பாதி பேர் பிரிண்டர விட்டுட்டு வைஃபை பத்திதான் கேட்ருக்கீங்க. லினக்ஸ் (விண்டோஸுக்கு பதிலா போடற ஆபரேட்டிங் சிஸ்டம்) போட்டேன், வைஃபை "டிஸேபிள்டு"ன்னு வருது, என்ன பண்றது? கிட்டத்தட்ட எல்லா கடிதமும் இதேதான். அதனால இந்த மாசம் முழுக்க அதுவே. முன்னாடியே ஒண்ணு சொல்லிடறேன், கமாண்டு எல்லாத்தையும் காதுல விழற மாதிரி தமிழ்லயே எழுதிருக்கேன், டெர்மினல்ல, அதாவது கமாண்டு அடிக்கற ஜன்னல்ல, அடிக்கறப்போ இங்கிலீஷ் சின்ன எழுத்துல அடிச்சுக்கோங்க. உபுண்டு, மின்ட், டெபியன், ஃபெடோரான்னு கீழ வர்றதெல்லாம் லினக்ஸோட வகைங்கதான்.

கேள்வி: சார், நான் விருதுநகர்ல இன்ஜினியரிங் மூணாவது வருஷம் படிக்கிறேன். லேப்டாப்ல உபுண்டு இருக்கு. போன வாரம் வரைக்கும் வைஃபை நல்லா எடுத்துச்சு, திடீர்னு ஒரு நாள் காலைல ஏரோப்ளேன் படம் வந்து உக்காந்துருச்சு, செட்டிங்ஸ்ல போயி சுவிட்ச தள்ளினா திரும்ப பழைய எடத்துக்கே வந்துடுது. ஹாஸ்டல் பொண்ணுங்க சொன்னாங்கன்னு ரெண்டு தடவ உபுண்டுவ அழிச்சுட்டு போட்டேன், ப்ராஜெக்ட் ஃபைல் கொஞ்சம் போச்சு. அப்பவும் அதே ஏரோப்ளேன். கார்டு செத்துருச்சா சார்?

பதில்: சாகலம்மா. கார்டு செத்திருந்தா ஏரோப்ளேனே வராது, செட்டிங்ஸ்ல வைஃபைங்கற வரியே காணாம போயிருக்கும், இல்லன்னா "அடாப்டர் இல்ல"ன்னு சொல்லிருக்கும். சுவிட்ச் தெரியுது ஆனா நிக்க மாட்டேங்குதுன்னா கார்டு உயிரோட இருக்கு, யாரோ பூட்டி வெச்சிருக்காங்க, அவ்வளவுதான். யாருன்னு கேக்கறதுக்கு லினக்ஸ்ல ஒரே ஒரு கமாண்டு, "ஆர்எஃப்கில் லிஸ்ட்". ஆர், எஃப் ரெண்டு எழுத்து, அப்புறம் கில், எல்லாம் ஒட்டி அடிக்கணும், அப்புறம் ஒரு இடம் விட்டு லிஸ்ட். அடிச்சதும் உள்ள இருக்கற ஒவ்வொரு ரேடியோவுக்கும் மூணு வரி வரும். முதல் வரில பேரு, ப்ளூடூத்னா "எச்சிஐ0", வைஃபைனா "ஃபை0, வயர்லெஸ் லேன்". அதுக்கு கீழ "சாஃப்ட் பிளாக்டு: யெஸ்" இல்லன்னா "நோ", அதுக்கும் கீழ "ஹார்டு பிளாக்டு: யெஸ்" இல்லன்னா "நோ".

இத கதவுன்னு வெச்சுக்கோ. சாஃப்ட்ங்கறது உள்தாழ்ப்பாள், நீயோ நீ போட்ட ஏதோ ஒரு ப்ரோக்ராமோ போட்டது, "சூடோ ஆர்எஃப்கில் அன்பிளாக் வைஃபை"னு அடிச்சா தொறந்துக்கும், சூடோன்னா அட்மின் அதிகாரத்தோட ஓட்டுன்னு அர்த்தம். ரீஸ்டார்ட் பண்ணினா தாழ்ப்பாள் தானா விலகிடும்னு நிறைய பேர் நெனைக்கறாங்க, விலகாது, ஏன்னா லினக்ஸ்ல மத்த வேலையெல்லாம் ஆரம்பிச்சு வெக்கற சிஸ்டம்டிங்கற ப்ரோக்ராம் ஒவ்வொரு ரேடியோவும் எந்த நிலைல இருக்குன்னு எழுதி வெச்சுட்டு மறுநாள் அதே மாதிரி கொண்டாந்து நிறுத்தும். ஹார்டுங்கறது வெளிப்பூட்டு. லேப்டாப்போட போர்டோ பயாஸோ (ஆன் பண்ணினதும் முதல்ல ஓடற அடிப்படை ப்ரோக்ராம்) போட்டது, அத வீட்டுக்குள்ள இருந்து என்ன கத்தினாலும் தொறக்க முடியாது, சூடோ போட்டாலும் முடியாது. உன் சுவிட்ச் திரும்பி திரும்பி வருதுன்னு சொல்றத பாத்தா உனக்கு ஹார்டு யெஸ்னுதான் இருக்கும்.

ரெண்டு தடவ அழிச்சு போட்டும் ஏன் போகலன்னு இப்போ புரிஞ்சிருக்கும். பூட்டு இருக்கறது டிஸ்க்ல இல்ல, கீபோர்டையும் ஃபேனையும் பாத்துக்கற குட்டி சிப்பு ஒண்ணு மதர்போர்டுல இருக்கு, அது ஞாபகம் வெச்சிருக்கு, நீ உபுண்டு போட்டாலும் விண்டோஸ் போட்டாலும் அதுக்கு ஒண்ணும் தெரியாது. பெரும்பாலும் நடக்கறது என்னன்னா வால்யூம் குறைக்கப்போயி பக்கத்துல இருக்கற கீய எஃப்என்னோட சேத்து அமுக்கியிருப்ப. சின்ன டவரோ ஏரோப்ளேனோ படம் போட்ட கீ ஒண்ணு மேல் வரிசைல இருக்கும், எது எந்த கீன்னு மாடலுக்கு மாடல் மாறும். அதத் தேடறதுக்கு ஒரு வழி, டெர்மினல்ல "ஆர்எஃப்கில் ஈவென்ட்"னு அடிச்சுட்டு ஜன்னல மூடாம வெச்சுக்கோ, இப்போ எஃப்என்ன பிடிச்சுக்கிட்டு மேல் வரிசை கீய ஒண்ணொண்ணா அமுக்கு. சரியான கீ பட்டதும் புதுசா ஒரு வரி விழும், கடைசில "சாஃப்ட் 0 ஹார்டு 1"னு இருந்தது "ஹார்டு 0"ன்னு மாறும். அந்த 1, 0 ஆன நொடியே ஏரோப்ளேன் பறந்துடும். எந்த கீக்கும் அசையலன்னா பயாஸ்க்குள்ள போயி வயர்லெஸ்ங்கற வரி டிஸேபிள்னு இருக்கான்னு பாரு, புரியலன்னா டீஃபால்ட் செட்டிங்ஸ லோடு பண்ணிட்டு வெளிய வா.

அடுத்த தடவ எவனாவது ஃபார்மேட் பண்ணுன்னு சொன்னா, முதல்ல உபுண்டு பென்டிரைவ்ல இருந்தே லைவ்வா பூட் பண்ணி பாரு, இன்ஸ்டால் குடுக்காத. லைவ்லயும் வைஃபை இல்லன்னா அழிச்சு போட்டும் வரப்போறதில்ல. ரெண்டு நிமிஷ வேலை, உன் ப்ராஜெக்ட் ஃபைல் மிஞ்சிருக்கும்.

கேள்வி: தம்பி, நான் தஞ்சாவூர்ல ரிட்டயர்டு வாத்தியார். கம்பெனில பயன்படுத்தின பழைய லேப்டாப் ஒண்ணு வாங்கி லினக்ஸ் மின்ட் போட்டுக்கிட்டேன். பேரன் சொல்லிக்குடுத்தபடி ஆர்எஃப்கில் பாத்தேன், ஹார்டு பிளாக்டு யெஸ். எல்லா கீயும் அமுக்கியாச்சு, பயாஸும் பாத்தாச்சு. ஒண்ணும் நடக்கல.

பதில்: ஐயா, லேப்டாப்ப மூடி கைல எடுத்துக்கிட்டு ஓரம் பூரா விரலால தடவிப் பாருங்க. முன்பக்கம், வலதுபக்கம், இடதுபக்கம் மூணும். அந்தக்கால ஆபீஸ் லேப்டாப்ல நெஜமாவே தள்ளற சுவிட்ச் இருக்கும், திங்க்பேட் டி420, எக்ஸ்220 இதுல எல்லாம் உண்டு, டெல் லாட்டிட்யூட் இ6400லயும் உண்டு. நகம் அளவுகூட இருக்காது. பையில போடறப்போ தள்ளிக்கிட்டு போயிடும்.

நானே இதுல மாட்டினவன். ஒரு சொந்தக்காரர் வீட்டுல ஒரு ராத்திரி பூரா உக்காந்து டிரைவர (கார்ட இயக்கற ப்ரோக்ராம) எடுத்து போட்டு கர்னல (லினக்ஸோட மையப் பகுதிய) மாத்தி என்னென்னமோ பண்ணி, காலைல காபி குடிச்சுக்கிட்டு இருக்கறப்போ அவங்க வீட்டு ஆறாங்கிளாஸ் பொண்ணு "மாமா இங்க ஒரு பட்டன் இருக்கு"ன்னு தள்ளிவிட்டுச்சு, வைஃபை லைட்டு எரிஞ்சுது. அதுல இருந்து யார் லேப்டாப்ப குடுத்தாலும் ஓரத்த தடவி பாத்துட்டுதான் திறக்கறேன்.

கேள்வி: என் லேப்டாப்ல சுவிட்சே கெடையாது, ஓரம் பூரா வழவழன்னு இருக்கு, கடைல பாத்த புதுசுலயே இல்ல. ஆனா ஹார்டு பிளாக்டு யெஸ்ங்குது. லிஸ்ட்ல ரெண்டு வயர்லெஸ் லேன் வேற காட்டுது, ஒண்ணுக்கு பேரு ஐடியாபேட் டபிள்யூலேன், இன்னொண்ணு ஃபை0. – திருச்சி வாசகர்

பதில்: ரெண்டு வரி வந்துச்சு பாருங்க, அதுலயே விடை இருக்கு. ஃபை0ங்கறது நெஜ கார்டு. மேல இருக்கறது "ஐடியாபேட் அண்டர்ஸ்கோர் லேப்டாப்"ங்கற கர்னல் மாட்யூல், அதாவது கர்னல்ல வந்து சேர்ற துண்டு ப்ரோக்ராம், உண்டாக்கின காவல்காரன். சுவிட்ச் எந்த பக்கம் இருக்குன்னு அந்த மாட்யூல் போர்டுகிட்ட கேக்கும், இல்லாத சுவிட்சப் பத்தி போர்டு வாய்க்கு வந்தத சொல்லும், அது "பூட்டி இருக்கு"ன்னு அர்த்தம் ஆயிடும். பழைய கர்னல்ல சுவிட்ச் இல்லாத மாடல் பேரையெல்லாம் ஒண்ணொண்ணா எழுதி ஒரு பட்டியலே வெச்சிருந்தாங்க, புது மாடல் வர வர பட்டியல் நீண்டுக்கிட்டே போச்சு, கடைசில சலிச்சுப்போயி சுவிட்ச் இருக்கற மாடல மட்டும் எழுதி வெச்சா போதும்னு தலைகீழா மாத்திட்டாங்க. அதனால புது கர்னல் வர்ற லினக்ஸ் போட்டாலே உங்க பிரச்சன போயிடலாம்.

அதுவரைக்கும் "சூடோ மோட்ப்ரோப் ஹைஃபன் ஆர் ஐடியாபேட் அண்டர்ஸ்கோர் லேப்டாப்"னு அடிங்க, காவல்காரன் எறங்கிடுவான், வைஃபை வந்துடும். வந்துச்சுன்னா மட்டும், ஈடிசி ஃபோல்டருக்குள்ள மோட்ப்ரோப் டாட் டின்னு ஒரு ஃபோல்டர் இருக்கும், அதுல டாட் கான்ஃப்னு முடியற புது ஃபைல் ஒண்ணு போட்டு "பிளாக்லிஸ்ட்"னு எழுதி பக்கத்துல அந்த மாட்யூல் பேர எழுதிடுங்க, அடுத்த தடவ பூட் ஆகறப்போ ஏறாது. அது ஏறாததால சில எஃப்என் கீயும் பேட்டரி சம்பந்தமான வசதியும் வேலை செய்யாம போகும், தெரிஞ்சுக்கிட்டு பண்ணுங்க. சில மாடல்ல "ஏசர் டபிள்யூஎம்ஐ"ங்கற மாட்யூலும் இதே வேலைய பண்ணும், வைத்தியமும் இதேதான்.

கேள்வி: அண்ணா, எங்க அக்கா ப்ளஸ் டூ படிக்கும்போது கவர்மெண்ட் குடுத்த லேப்டாப் வீட்டுல சும்மா கெடந்துச்சு, நான் லினக்ஸ் மின்ட் போட்டேன். வைஃபைங்கற பேச்சே இல்ல. ஆர்எஃப்கில்ல ப்ளூடூத் மட்டும்தான் வருது. உள்ள என்ன கார்டு இருக்குன்னு சொல்ற எல்எஸ்பிசிஐ கமாண்ட அடிச்சா பிராட்காம் பிசிஎம்43142னு காட்டுது. – தேனி

பதில்: தம்பி, உன்னோடது பூட்டு கேசே இல்ல. 2011ல ஆரம்பிச்ச திட்டத்துல குடுத்த லேப்டாப்ல விண்டோஸோட சேத்து பாஸ் லினக்ஸும் போட்டு குடுத்தாங்க, அது மத்திய அரசோட சி-டாக் நிறுவனம் டெபியன வெச்சு பண்ணின லினக்ஸ். அந்த லேப்டாப்புங்க இன்னிக்கும் நிறைய வீட்டு பரண்ல இருக்கு, மின்ட் எக்ஸ்எஃப்சிஇ போட்டா பாதிக்கு மேல நல்லாவே ஓடும், தூக்கிப் போடாத.

உனக்கு இல்லாதது டிரைவர். "எல்எஸ்பிசிஐ ஹைஃபன் என்என்கே"ன்னு அடிச்சு நெட்வொர்க் கண்ட்ரோலர்ங்கற வரிக்கு கீழ பாரு, "கர்னல் டிரைவர் இன் யூஸ்"னு ஒரு வரி இருக்கணும், உனக்கு இருக்காது. பிராட்காம் 2010ல சில சிப்புக்கு டிரைவர தொறந்து விட்டாங்க, பிசிஎம்4313க்கு எல்லாம் அது கர்னலுக்குள்ளயே இருக்கு, ஆனா இந்த 43142க்கு இல்ல, இதுக்கு "டபிள்யூஎல்"னு மூடின டிரைவர் ஒண்ணுதான் வழி. மின்ட்ல டிரைவர் மேனேஜர தொறந்தா அதுவே பட்டியல்ல காட்டும், உபுண்டு, மின்ட் ரெண்டுலயும் பேக்கேஜ் பேரு "பிசிஎம்டபிள்யூஎல் கர்னல் சோர்ஸ்", நடுவுல ஹைஃபன் போட்டுக்கணும்.

இறக்கறதுக்கு நெட்டு வேணுமே, நெட்டுக்குத்தானே டிரைவர்னு கேப்ப. ஆண்ட்ராய்டு போன யூஎஸ்பி கேபிள்ல சொருகு, போன்ல ஹாட்ஸ்பாட் பக்கம் போயி யூஎஸ்பி டெதரிங்க ஆன் பண்ணு. லினக்ஸுக்கு அது ஒயர் போட்ட நெட்வொர்க் மாதிரிதான், டிரைவர் எதுவும் கேக்காது, ஐகான்ல கனெக்டட்னு வந்துடும். சார்ஜ் மட்டும் ஏத்தற கேபிள்னா வராது, டேட்டா போற கேபிளா பாத்து சொருகு, இதுல ஏமாந்தவங்க எனக்கு எழுதின கடிதமே ஒரு கட்டு இருக்கு.

டிரைவர் ஏறியும் வைஃபை வரலன்னா பயாஸ்ல செக்யூர் பூட் (கையெழுத்து சரியில்லாத ப்ரோக்ராம ஏத்த விடாத காவல்) இருக்கான்னு பாரு. இருந்தா இன்ஸ்டால் ஆகறப்போ ஒரு பாஸ்வேர்டு கேட்ருக்கும், நீ ஏதோ ஒண்ண அடிச்சுட்டு மறந்திருப்ப. ரீஸ்டார்ட் ஆகறப்போ நீலக்கலர்ல ஒரு பக்கம் வரும், அதுல என்ரோல் எம்ஓகேன்னு எடுத்து அதே பாஸ்வேர்ட அடிக்கணும், பத்து செகண்டு சும்மா இருந்தா அது பாட்டுக்கு பூட் ஆகிப் போயிடும், அப்புறம் கர்னல் "இந்த மாட்யூல்ல கையெழுத்து சரியில்ல"ன்னு ஏத்த மாட்டேன்னுடும். உன் வயசு லேப்டாப்ல செக்யூர் பூட் இல்லாமலும் இருக்கலாம், அப்போ இந்த பாராவ விட்டுடு.

கேள்வி: லினக்ஸ்ல வைஃபை கார்டோட பேரு டபிள்யூலேன்0னு இருக்கணும்னு யூடியூப்ல சொன்னாங்க, எனக்கு டபிள்யூஎல்பி2எஸ்0னு என்னமோ வருது. வைரஸா? – ஓசூர்

பதில்: இல்லங்க. பேரு வெக்கற முறை 2013 வாக்குல மாறிடுச்சு. பிசிஐ பஸ் 2, ஸ்லாட் 0ல உக்காந்திருக்கற வயர்லெஸ் கார்டுன்னு அர்த்தம். யூடியூப் காரர் சொல்ற கமாண்டுல அந்த எடத்துல உங்க பேர போட்டுக்கோங்க.

கேள்வி: நான் ஒரே லேப்டாப்ல விண்டோஸும் ஃபெடோராவும் வெச்சிருக்கேன். விண்டோஸ்ல வேலை பாத்துட்டு ஷட்டவுன் பண்ணி ஃபெடோரா வந்தா வைஃபை காணோம், நேரா ஃபெடோராவே போட்டா இருக்கு. பேய் பிடிச்ச மாதிரி இருக்கு சார்.

பதில்: பேயோட பேரு ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப். விண்டோஸ் 8ல இருந்து ஷட்டவுன்னு நீங்க குடுத்தா அது முழுசா அணையறதில்ல, பாதி தூக்கத்துல போகுது, வைஃபை கார்டையும் பாதி மயக்கத்துலயே விட்டுட்டு போகுது, அந்த கார்ட லினக்ஸ் வந்து எழுப்பினா எந்திரிக்காது. விண்டோஸ்ல கண்ட்ரோல் பேனல், பவர் ஆப்ஷன்ஸ், அங்க பவர் பட்டன் என்ன செய்யணும்ங்கற எடத்துல ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்ப எடுத்துவிடுங்க. ஒரு தடவ மட்டும் சரியா அணையணும்னா ஷிஃப்ட பிடிச்சுக்கிட்டு ஷட்டவுன் குடுத்தா போதும்.

இன்னிக்கே மயங்கிக் கெடக்குதுன்னா சார்ஜர புடுங்கி, கழட்டற பேட்டரின்னா கழட்டி, பவர் பட்டன முப்பது செகண்டு அமுக்கிப் பிடிங்க. போர்டுல தங்கின கரண்டு வடிஞ்சதும் எழுந்துக்கும். கேக்க மாந்திரீகம் மாதிரி இருக்கும், எல்எஸ்பிசிஐலயே காணாம போன கார்டு இதுல திரும்பி வந்தத நானே பல தடவ பாத்திருக்கேன்.

கேள்வி: நான் கோயமுத்தூருங்க. டெபியன் போட்டிருக்கேனுங்க, ஆர்எஃப்கில்ல ரெண்டும் நோ தானுங்க, டிரைவரும் இருக்குதுங்க. ஆனா மேல ஐகான்ல "டிவைஸ் நாட் மேனேஜ்டு"ன்னே வருதுங்க.

பதில்: பூட்டும் இல்ல தாழ்ப்பாளும் இல்ல, வாட்ச்மேன் ரெண்டு பேரு இருக்காங்க உங்களுக்கு. டெபியன் இன்ஸ்டால் பண்றப்போ வைஃபை மூலமா இறக்கியிருப்பீங்க, அப்போ இன்ஸ்டாலர் உங்க வைஃபை பேரையும் பாஸ்வேர்டையும் ஈடிசி, நெட்வொர்க், இன்டர்ஃபேசஸ்ங்கற ஃபைல்ல எழுதி வெச்சிருக்கும். அந்த ஃபைல்ல கார்டோட பேரு இருந்தா, மேல இருக்கற ஐகானுக்கு பின்னாடி வேலை பாக்கற நெட்வொர்க் மேனேஜர் "இது வேற ஆளோட வேலை"ன்னு கை வெக்காது. ஃபைல தொறந்து டபிள்யூஎல்னு ஆரம்பிக்கற கார்டு பேரு இருக்கற வரியையும், அதுக்கு கீழ டபிள்யூபிஏன்னு ஆரம்பிக்கற வரியையும் முன்னாடி ஹேஷ் (#) போட்டு அடைச்சுடுங்க, "எல்ஓ"ன்னு இருக்கற ரெண்டு வரிய தொடாதீங்க, ரீஸ்டார்ட் பண்ணுங்க. அதுக்கும் அசையலன்னா "என்எம்சிஎல்ஐ ரேடியோ வைஃபை ஆன்", நெட்வொர்க் மேனேஜர் தன் பங்குக்கு ஒரு தாழ்ப்பாள் போட்டு வெச்சிருந்தா அது விலகும்.

டெபியன்ல டிரைவர் இருந்தும் கார்டே தெரியாதவங்க சில பேர் எழுதிருக்கீங்க, உங்களுக்கும் சேத்தே சொல்றேன். 2023ல வந்த டெபியன் 12க்கு முன்னாடி மூடின ஃபர்ம்வேர, அதாவது கார்டுக்குள்ள ஏத்த வேண்டிய குட்டி ப்ரோக்ராம, அதிகாரப்பூர்வ இன்ஸ்டாலரோட குடுக்க மாட்டாங்க, கொள்கைன்னு நின்னாங்க, ஓட்டெடுப்பு நடத்தி அப்புறம்தான் சேத்தாங்க. இன்டெல் கார்டுனா "ஃபர்ம்வேர் ஐடபிள்யூஎல்வைஃபை"ங்கற பேக்கேஜ்தான் உங்களுக்கு வேண்டியது. கொள்கை எனக்கும் பிடிக்கும், ஆனா நெட்டு இல்லாத லேப்டாப்ல கொள்கைய வெச்சுக்கிட்டு என்ன பண்றது.

கேள்வி: கடைல குடுத்தேன், வைஃபை கார்டு போச்சு, புது கார்டு மாத்தணும்னாரு. மாத்தியும் வரல, இப்போ மதர்போர்டுங்கறாரு. பேசாம வெளிய சொருகற யூஎஸ்பி வைஃபை டாங்கிள் வாங்கிடட்டுமா? – திருநெல்வேலி

பதில்: கார்டு போச்சுன்னு அவர் எத வெச்சு சொன்னாருன்னு கேட்டீங்களா? எல்எஸ்பிசிஐல கார்டு பேரு வருதுன்னா போகல. பழைய கார்டு இன்னும் கைல இருந்தா திரும்ப வாங்கிக்கோங்க. புதுசு மாட்டினதும் 1802னு நம்பர் போட்டு மெஷின் நின்னுச்சுன்னா அது பயாஸ் அடம், சில திங்க்பேட்ல பட்டியல்ல இல்லாத கார்ட பயாஸ் ஏத்துக்காது, கார்டுமேல தப்பில்ல.

கார்டு தெரிஞ்சும் ஹார்டு பிளாக் எதுக்குமே அசையலன்னா பழைய மினி பிசிஐ எக்ஸ்பிரஸ் கார்டுல ஒரு கைவைத்தியம் உண்டு. அதுல மொத்தம் 52 கால், 20வது கால் வழியாத்தான் போர்டு "அணைஞ்சுக்கோ"ன்னு சொல்லுது. இரட்டைப்படை கால் இருக்கற பக்கத்துல எட்டு கால் தாண்டினதும் ஒரு வெட்டு இருக்கும், வெட்டுக்கு அந்தப்பக்கம் ரெண்டாவது. அதுமேல மட்டும் சூடு தாங்கற மஞ்ச டேப்ப மெல்லிசா வெட்டி ஒட்டினா சேதி போய்ச் சேராது, கார்டு அணையாம வேலை செஞ்சுக்கிட்டே இருக்கும். பேட்டரிய கழட்டிட்டு பண்ணணும், கை நடுங்கறவங்க வேண்டாம். நான் முதல் தடவ ஒட்டினப்போ டேப்பு பக்கத்து காலையும் மூடி கார்டே தெரியாம போயி, எடுத்து திரும்ப ஒட்டினேன். இப்போ வர்ற எம்.2 கார்டுல கால் இன்னும் பொடிசு, அதுல முயற்சி பண்ணாதீங்க.

டாங்கிள்னா தாராளமா வாங்குங்க, ஆனா அட்டைல இருக்கற ஸ்பீட பாக்காம சிப்ப பாருங்க. ஏஆர்9271, எம்டி7612யூ மாதிரி சிப்புக்கு கர்னல்லயே டிரைவர் இருக்கு, சொருகினா போதும். ஒரே பேரு, ஒரே அட்டை, ஆனா உள்ள சிப்ப மாத்தி விக்கறதும் உண்டு, அதனால திருப்பி எடுத்துக்குவேன்னு சொல்ற கடைல வாங்குங்க. சொருகினதும் வைஃபைக்கு பதிலா சிடி ஒண்ணு வந்த மாதிரி காட்டினா பயப்படாதீங்க, விண்டோஸ் டிரைவர சில டாங்கிள் தன் வயித்துக்குள்ளயே சிடி மாதிரி வெச்சிருக்கும். அந்த சிடி மேல ரைட் கிளிக் பண்ணி எஜெக்ட் குடுங்க, ரெண்டு செகண்டு கழிச்சு வைஃபையா திரும்பி வரும்.